மிதி கால்வாய்க் கரையில் மெதுவாகப் போகும் சைக்கிள்

பிரான்ஸ் நாட்டையும் சைக்கிளையும் சேர்த்துச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது 'டூர் தெ ஃபிரான்ஸ்' பந்தயம்தான். ஜூலை மாதத்தில் மூன்று வாரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல், மலையும் சமவெளியுமாக ஓட்டித் தீர்க்கிறார்கள். வழியில் உள்ள விவசாயிகள் அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கட்டுகளையும் டிராக்டர்களையும் வரிசையாக நிறுத்தி, வயல் அகலத்துக்கு ஒரு சைக்கிள் உருவம் செய்து வைப்பார்கள். மேலே பறக்கும் ஹெலிகாப்டர் கேமராவுக்கு அது நல்ல காட்சி. பந்தயக்காரர்களோ தலையைக் குனிந்தபடி பறந்துவிடுவார்கள். அந்த விவசாயியிடம் ஒரு முட்டைகூட வாங்கமாட்டார்கள்.

அதே நாட்டின் கிராமப் பாதைகளில் இன்னொரு கூட்டமும் சைக்கிளில் போகிறது. கேரியரின் இரண்டு பக்கமும் பை தொங்கும். அதில் கூடாரம், மாற்றுத்துணி, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு பிரட். ஓட்டுகிறவர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்திருக்கும். மணிக்கு 12 கிலோமீட்டர், மிஞ்சினால் 15. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் போனால் போதும் என்று கிளம்புகிறவர்கள். வழியில் மரத்தடியைக் கண்டால் இறங்கிவிடுவார்கள். 'தேன் விற்பனைக்கு' என்று ஒரு பலகை தென்பட்டால் நிச்சயம் இறங்குவார்கள். காரில் போகிறவர் அந்தப் பலகையைப் படிப்பதற்குள் அரை கிலோமீட்டர் தாண்டியிருப்பார்.

விவசாயியின் கணக்கில் இந்த இரண்டாவது கூட்டம்தான் முக்கியம்.

வேகம் வேண்டாம் என்றவர்

மெதுவாகப் போகும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. போல் தெ விவி என்பது பெயர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். சான் எத்தியேன் நகரத்தில் பட்டு வியாபாரம் பார்த்தவர், அதை விட்டுவிட்டுச் சைக்கிள் பக்கம் வந்தார். 1887-ல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அடிக்கடி நின்று போக வேண்டும், பசி முற்றுவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், பெருமைக்காக மிதிக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் வாசகர்களுக்குச் சொல்லிவந்தவை. கியர் வைத்த சைக்கிள் இருந்தால்தான் சாதாரண உடம்புக்காரரும் மேடு ஏற முடியும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். பந்தயக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 'டூர் தெ ஃபிரான்ஸ்' பந்தயத்தில் செயின் மாற்றும் கியரை 1937-ல்தான் அனுமதித்தார்கள். வெலோசியோ அதற்கு ஏழு ஆண்டு முன்பே இறந்துவிட்டார்.

1936-ல் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் வந்தது. கார் வாங்க வசதியில்லாத ஆலைத் தொழிலாளிகள் குடும்பத்தோடு சைக்கிளில் கிராமப்புறம் நோக்கிக் கிளம்பினார்கள். கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் அந்தக் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இந்த வழக்கம் பணக்காரர்களின் பொழுதுபோக்காகப் பரவியது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்று இவர்களுக்காக நாடு முழுக்கப் பாதைகள் இருக்கின்றன. கைவிடப்பட்ட ரயில் தடங்களில் தார் போட்டிருக்கிறார்கள். லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போகிறது. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வாகனம் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். ஆனால் விவசாயம் தெரிந்த ஒருவர் ஒரே ஒரு பாதையில்தான் போக முடியும் என்றால், தெற்கே துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் வரை போகும் கால்வாய்க் கரையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளம் 240 கிலோமீட்டர். பெயர் மிதி கால்வாய். சைக்கிள் மிதிக்கும் நமக்காக வைத்த பெயர் போல இருந்தாலும், பிரெஞ்சு மொழியில் 'மிதி' என்றால் நண்பகல், தெற்கு என்றும் பொருள். 'தெற்குக் கால்வாய்' என்பதுதான் நேரான அர்த்தம்.

மலைத் தண்ணீரைத் திருப்பியவர்கள்

இந்தக் கால்வாய் முதலில் பாசனத்துக்காக வெட்டியது அல்ல. தானியமும் ஒயினும் படகில் போவதற்காக வெட்டியது. 1667-ல் வேலை தொடங்கி 1681-ல் திறந்தார்கள். முன்னின்று செய்த பியேர் போல் ரிக்கே ஓர் உப்பு வரி வசூல் குத்தகைதாரர். பொறியியல் படித்தவர் இல்லை. சொந்தப் பணத்தையும் இதில் கொட்டி, திறப்பு விழாவுக்குச் சில மாதம் முன்பு 1680-ல் கண்ணை மூடினார்.

கால்வாய் வெட்டுவது பெரிய விஷயமில்லை. மேட்டில் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. அதற்கு முன்பும் பலர் யோசித்துக் கைவிட்டது இந்த இடத்தில்தான். துலூஸிலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டரில் நோரூஸ் என்ற இடம் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். அங்கே விழும் மழை ஒரு பக்கம் அட்லாண்டிக் கடலுக்கும் இன்னொரு பக்கம் மத்தியதரைக் கடலுக்கும் பிரிந்து போகும். அந்த முகட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டால் இரண்டு பக்கமும் தானாக இறங்கிவிடும். வடக்கே கறுப்பு மலை என்று பெயருள்ள மலையில் ஓடைகள் இருந்தன. அவற்றை வாய்க்காலில் வளைத்து நோரூஸ் வரை கொண்டுவந்தார்கள். இதில் ரிக்கேவுக்கு வழிகாட்டியவர் பியேர் காம்ப்மாஸ் என்ற உள்ளூர் நீர்க்காரர். எந்த ஓடை எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவில் தண்ணீர் நிற்காமல் போகும் என்று அந்த மலையை அறிந்தவர். வரைபடம் போட்டவர்களின் பெயர் நிலைத்த அளவுக்கு இவர் பெயர் நிலைக்கவில்லை. எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

மலையடிவாரத்தில் சான் ஃபெரெயோல் என்ற ஏரியைக் கட்டினார்கள். மண் அணை, நடுவில் கல் சுவர், நீளம் முக்கால் கிலோமீட்டருக்கு மேல். கொள்ளளவு சுமார் 63 லட்சம் கன மீட்டர். நம் கணக்கில் கால் டி.எம்.சி.கூட இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது மிகப் பெரிய அணை. வேலை உச்சத்தில் இருந்தபோது 12,000 பேர் வரை வெட்டியதாகச் சொல்கிறார்கள். பைரனீஸ் மலைக்கிராமங்களில் இருந்து வந்த பெண்களும் அதில் நிறைய. மழை பெய்து வேலை நின்ற நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கூலி உண்டு என்று ரிக்கே வைத்திருந்தார். ஆள் கிடைக்காத அறுவடைக் காலத்தில் அப்படிக் கொடுத்தால்தான் ஆள் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சைக்கிள்காரருக்கு இதனால் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும் என்பதால் கரையும் மட்டமாக இருக்கிறது. துலூஸிலிருந்து நோரூஸ் வரை ஐம்பது கிலோமீட்டரில் மொத்த ஏற்றமே அறுபது மீட்டருக்குள். அதுவும் படகை ஏற்றி இறக்கும் மதகுகளின் அருகில் மட்டும் சின்னச் சின்ன மேடாக வரும். கால்வாய் முழுக்க அறுபதுக்கு மேல் இப்படிப்பட்ட மதகுகள். பெரும்பாலானவை முட்டை வடிவத்தில் இருக்கும். ஆரம்பத்தில் நேர்ச்சுவராகக் கட்டிய மதகு மண் அழுத்தத்தில் சரிந்ததால், பிறகு வளைவாகக் கட்டினார்கள். சில மதகுகளில் காவலர் வீடுகள் இப்போது சிற்றுண்டிக் கடையாக மாறியிருக்கின்றன. படகு ஏறி இறங்குவதை வேடிக்கை பார்த்தபடி சைக்கிள்காரர்கள் காபி குடிக்கிறார்கள்.

கரைப்பாதை என்பது ஒரு காலத்தில் குதிரைகள் கயிறு கட்டிப் படகை இழுத்த பாதை. துலூஸ் பக்கம் தார் போட்டு வழவழவென்று இருக்கும். நோரூஸ் தாண்டிய பிறகு பல இடங்களில் வெறும் மண், அதில் மரவேர்கள். அங்கே ஓட்டுகிறவரின் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்தப் பகுதியில் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

நீல உருண்டையும் நம் அவுரியும்

துலூஸ் தாண்டியதும் இரண்டு பக்கமும் லோரகே என்ற வளமான மேட்டுநிலம். களிமண் பாங்கான மண், ஜூன் மாதத்தில் விளைந்து நிற்கும் கோதுமை, ஜூலையில் சூரியகாந்தி. எட்டிய மட்டும் ஒரே பயிர். வயலில் ஆளைக் காண்பது அரிது. ஓர் இயந்திரம் மட்டும் தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டு போகும்.

இதே மண்ணில் 15, 16-ம் நூற்றாண்டுகளில் 'பாஸ்தெல்' என்ற செடியைப் பயிரிட்டார்கள். மஞ்சள் பூப் பூக்கும் அந்தச் செடியின் இலையை அரைத்து, உருண்டை பிடித்து, உலர்த்தி, பிறகு புளிக்க வைத்தால் நீலச் சாயம் கிடைக்கும். ஐரோப்பா முழுவதும் துணிக்கு நீலம் ஏற்ற இந்த உருண்டைகள் போயின. துலூஸ் நகரத்தில் இன்றும் நிற்கும் செங்கல் மாளிகைகள் சில இந்தச் சாய வியாபாரிகள் கட்டியவை. அந்த உருண்டைக்கு 'கொக்காஞ்' என்று பெயர். இன்றைக்கும் பிரெஞ்சில் 'கொக்காஞ் நாடு' என்றால் பாலும் தேனும் ஓடும் சீமை என்று அர்த்தம்.

அந்தச் சீமை சரிந்ததற்கு உள்நாட்டு மதப்போர் ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்தியாவிலிருந்து கப்பலில் போன அவுரி நீலம். ஒரே எடைக்கு அவுரி கொடுக்கும் சாயத்துக்கு முன்னால் பாஸ்தெல் நிற்க முடியவில்லை. இந்திய விவசாயிக்கு அதனால் பெரிய லாபம் கிடைத்ததா என்பது வேறு கதை. பின்னாளில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளிடம் அவுரி விவசாயிகள் பட்ட பாடும், அதன் பிறகு ஜெர்மனியின் செயற்கைச் சாயம் வந்து அவுரியையே சாய்த்ததும் தெரிந்ததே. ஒரு பயிர் எங்கோ விழுவதற்கான காரணம் இன்னொரு கண்டத்தில் இருக்கிறது என்பதை இந்த வயல்கள் நானூறு ஆண்டுக்கு முன்பே பார்த்துவிட்டன.

அடுத்து வரும் காஸ்தெல்னோதரி ஊரில் சைக்கிள்காரர்கள் சாப்பாட்டுக்கு இறங்குவார்கள். வெள்ளைப் பீன்ஸை வாத்துக்கறி, பன்றிக்கறியோடு சேர்த்து அகலமான மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைக்கும் 'கசூலே' அந்த ஊர்ப் பண்டம். சட்டியின் பெயரே பண்டத்துக்கும் வந்தது. அந்தப் பீன்ஸும் அமெரிக்காவிலிருந்து வந்து வேரூன்றியதுதான், இப்போது அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. சாப்பிட்டவுடன் சைக்கிள் ஓட்ட நினைப்பது வீண் முயற்சி.

நிழல் தந்த மரங்கள்

இந்தக் கரையின் பெருமையே இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கும் பிளாத்தான் மரங்கள்தான். பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில் வைத்தவை. மொத்தம் 42,000 மரங்கள். வேர் கரையைப் பிடித்து நிறுத்தியது. நிழல் தண்ணீர் ஆவியாவதைக் குறைத்தது. கோடையில் இந்தக் கூரைக்கடியில் போகும் சைக்கிள்காரருக்கு வெயில் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

2006-ல் இந்த மரங்களில் ஒரு வாடல் நோயைக் கண்டார்கள். செரட்டோசிஸ்டிஸ் பிளாட்டானி என்ற பூஞ்சாணம். நம்மூர் மாதுளையில் வாடல் நோய் உண்டாக்கும் பூஞ்சாணத்தின் அதே பேரினத்தைச் சேர்ந்தது. மாதுளைத் தோட்டத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு இதன் குணம் சொல்லாமலே புரியும். சிறு காயம் வழியாக உள்ளே போகும், நீர் ஏறும் குழாய்களை அடைக்கும், இலை மஞ்சளாகி ஒரு பக்கக் கிளை காயும். சில ஆண்டுகளில் மரமே போய்விடும். பக்கத்து மரத்துக்கு வேர் வழியாகவே தாவும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கப் படை இறங்கியபோது, வெடிமருந்துப் பெட்டிகள் செய்த மரப்பலகையோடு இது பிரான்சுக்குள் வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட விளக்கம்.

கால்வாய்க் கரையில் இந்த நோய்க்கு வசதி அதிகம். தண்ணீர் வித்தைச் சுமந்து போகிறது. படகின் அடிப்பகுதி கரையோர வேர்களில் உரசிக் காயம் உண்டாக்குகிறது. அந்தக் காயத்திலேயே நோயையும் வைத்துவிட்டுப் போகிறது. மருந்து கிடையாது. நோய் வந்த மரத்தையும் அதன் பக்கத்தில் நல்லபடியாக நிற்கும் மரங்களையும் சேர்த்து வெட்டி எரிப்பது ஒன்றே வழி. படகைக் கயிறு போட்டு மரத்தில் கட்டக் கூடாது, வெட்டும் கருவிகளை மருந்தில் கழுவிய பிறகே அடுத்த மரத்தைத் தொட வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடு வந்தது. இருந்தும் பல்லாயிரக்கணக்கான மரங்கள் விழுந்துவிட்டன.

இப்போது மறுநடவு நடக்கிறது. நோயைத் தாங்கும் ஒரு பிளாத்தான் ரகத்தை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரே மரத்தை 240 கிலோமீட்டருக்கும் வைத்ததால் வந்த வினை இது என்று புரிந்ததால், இந்த முறை ஓக் உள்ளிட்ட பல வகை மரங்களைக் கலந்து நடுகிறார்கள். அழகு கெட்டுவிடும் என்று சிலர் வருந்துகிறார்கள். தென்னையோ வாழையோ ஒரே ரகமாக வைத்து ஒரே நோயில் இழந்தவர்கள் அந்த வருத்தத்தில் சேரமாட்டார்கள். கன்றுகள் நிழல் கொடுக்க இன்னும் இருபது, முப்பது ஆண்டு ஆகும். அதுவரை கார்கசோன் கோட்டை தாண்டிப் போகிறவர்கள் பல கிலோமீட்டர் மொட்டை வெயிலில்தான் மிதிக்க வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுவது சைக்கிள்காரர்களின் பழைய உபாயம். எந்தச் சிறு கிராமத்திலும் கல்லறையில் பூச்செடிக்கு ஊற்றுவதற்கென்று ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாது என்று பலகை இல்லாவிட்டால் பாட்டிலை நிரப்பிக்கொள்வார்கள். கடைகளை நம்ப முடியாது. மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை பூட்டு, திங்கட்கிழமை பல ஊர்களில் நாள் முழுக்கப் பூட்டு.

திராட்சை விவசாயிகள் எழுந்த ஊர்

கார்கசோனுக்குக் கிழக்கே கோதுமை மறைந்து திராட்சை தொடங்கும். வடக்கே மினெர்வுவா, தெற்கே கோர்பியேர். கல்லும் சரளையுமான நிலம். வடமேற்கிலிருந்து 'செர்ஸ்' என்ற வறண்ட காற்று அடிக்கடி வீசும். இலை ஈரம் சீக்கிரம் காய்வதால் பூஞ்சாண நோய் குறைகிறது என்று திராட்சைக்காரர்களுக்கு அந்தக் காற்றின் மேல் மரியாதை. துலூஸிலிருந்து கடலை நோக்கிப் போகும் சைக்கிள்காரருக்கும் அது முதுகில் தள்ளும் காற்று. எதிர்த்திசையில் 'ஓத்தான்' காற்று கிளம்பிவிட்டால் அன்றைக்கு அறையிலேயே படுத்துக்கொள்வது நல்லது.

கால்வாயை ஒட்டி ஆர்ஜெலியே என்று ஒரு சிறு ஊர். பெரும்பாலான பயணிகள் நிற்காமல் போய்விடுவார்கள். 1907 மார்ச் 11-ம் தேதி இந்த ஊரிலிருந்துதான் 87 திராட்சை விவசாயிகள் நார்போன் நகரத்துக்கு நடந்தார்கள். அப்போது ஒயின் விலை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. விளைச்சல் மிகுதி ஒரு பக்கம். சர்க்கரையும் தண்ணீரும் கலந்து ஒயின் என்று விற்ற கலப்பட வியாபாரம் இன்னொரு பக்கம். மார்செலின் அல்பேர் என்ற விவசாயி முன்னால் நின்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நகரத்தில் கூட்டம், ஒவ்வொரு வாரமும் முந்தியதைவிடப் பெரிது. ஜூன் 9-ல் மோன்பெலியே நகரத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் திரண்டதாகக் கணக்கு. அரசு படையை அனுப்பியது. நார்போனில் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். 17-வது காலாட்படையின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மேலதிகாரிகளை மீறி பெஸியே நகரத்துக்கு நடந்தே வந்துவிட்டார்கள். அவர்களில் பலர் அந்த விவசாயிகளின் பிள்ளைகள். ஜூன் 29-ல் கலப்படத்துக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. ஒவ்வொருவரும் தம் விளைச்சல் அளவை அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் வந்தது. கணக்கில் காட்டிய பழத்துக்கு மேல் ஒயின் சந்தைக்கு வந்தால் எங்கோ கலப்படம் என்று தெரிந்துவிடும்.

இதற்கு முன்பே, 1901-ல், பெஸியே அருகே மரோசான் என்ற ஊரில் சிறு விவசாயிகள் சேர்ந்து ஒயின் விற்கக் கூட்டுறவு தொடங்கியிருந்தார்கள். கால்வாய் வழியில் கிராமத்துக்குக் கிராமம் தென்படும் பெரிய பழைய கட்டடங்கள் அந்தக் கூட்டுறவு ஒயின் கூடங்கள்தான். சிலவற்றில் இன்னும் வேலை நடக்கிறது. சிலவற்றில் கதவு துருப்பிடித்திருக்கிறது.

துருவுக்குக் காரணம் சைக்கிளில் போகும்போதே கண்ணில் படும். திராட்சை வரிசைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு வெற்றுத் துண்டு நிலம், ஓரத்தில் பிடுங்கிக் குவித்த கொடிக்கட்டைகள். ஒயின் குடிப்பது குறைந்துவிட்டது. வறட்சி தொடர்ந்து அடித்தது. திராட்சையை நிரந்தரமாக அகற்றினால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று 2024-ல் அரசுத் திட்டம் வந்தபோது பலர் விண்ணப்பித்தார்கள். அதன் இன்னொரு முகம் 2025 ஆகஸ்டில் தெரிந்தது. கோர்பியேர் மலைப்பகுதியில் பற்றிய தீ சுமார் 16,000 ஹெக்டேரை எரித்தது. உயிரிழப்பும் ஏற்பட்டது. உழுது வைத்த திராட்சைத் தோட்டம் காட்டுத் தீக்கு ஒரு தடுப்பு. அது போன இடத்தில் புதர் வளர்கிறது, புதர் தீயை அடுத்த ஊருக்குக் கொண்டு போகிறது. தோட்டம் வைத்திருப்பவருக்கு இந்தக் காவல் வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

படலைத் திறந்து வைத்த பண்ணைகள்

பிரான்சில் 1970-ல் சுமார் 16 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் 3,90,000. சராசரிப் பண்ணை 69 ஹெக்டேர், அதாவது 170 ஏக்கர். சிறியவை பெரியவற்றில் கரைந்துவிட்டன. இந்தச் சரிவுக்கு நடுவில்தான் சைக்கிள்காரருக்குப் படலைத் திறக்கும் பண்ணைகள் நிற்கின்றன.

இதுவும் திட்டமிட்டுச் செய்த வேலை. ஊரைவிட்டு ஆட்கள் போய் வீடுகள் இடிந்துகொண்டிருந்த காலத்தில், 1951-ல், ஆல்ப்ஸ் மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் பழைய வீட்டைச் சரிசெய்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடும் முதல் 'ஜீத்' தொடங்கியது. 1955-ல் அது நாடு தழுவிய கூட்டமைப்பானது. 1988-ல் விவசாயிகளின் சபைகள் 'பண்ணைக்கு நல்வரவு' என்ற பெயரில் ஒரு வலையமைப்பு ஏற்படுத்தின. பண்ணையில் தங்குவது, சாப்பிடுவது, விளைபொருளை நேரே வாங்குவது எல்லாம் அதில் வரும். சைக்கிள் பாதைக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்து, சைக்கிளைப் பூட்டி வைக்கப் பாதுகாப்பான இடமும் பழுதுபார்க்கும் சாமானும் வைத்திருக்கும் இடங்களுக்குத் தனி முத்திரை உண்டு. கூடாரம் போட இடம் விடுவது இன்னும் எளிது. ஆறு கூடாரம், இருபது பேர் என்ற அளவுக்குள் இருந்தால் ஊர் நகராட்சியில் அறிவித்தால் போதும். ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை, ஒரு குழாய், நிழல். முதலீடு அவ்வளவுதான்.

வருமானம்? மொத்தக் கொள்முதலில் சாதாரண ஒயின் லிட்டர் ஒரு யூரோவுக்கும் கீழே போகிற நேரத்தில், அதே தோட்டத்து ஒயினைப் பாட்டிலில் அடைத்து வாசலில் விற்றால் பல மடங்கு கிடைக்கும். தேன், ஆட்டுப்பால் சீஸ், தக்காளி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பிரான்சில் 23 சதவீதப் பண்ணைகள் இப்படி நேரடியாகவோ ஒரே ஓர் இடைத்தரகர் மூலமாகவோ விற்கின்றன.

ஆனால் இதைப் பெரிதாக்கிச் சொல்வது ஏமாற்று. சைக்கிளில் வருகிறவர் இரண்டு பாட்டிலுக்கு மேல் தூக்கமாட்டார். கேரியர் தாங்காது. கூட்டம் வருவது மே முதல் செப்டம்பர் வரை. அதிலும் திராட்சை அறுவடை நேரத்தில் விருந்தாளியைக் கவனிக்க வீட்டில் ஆள் இருக்காது. மாலை ஐந்து மணிக்குப் பால் கறக்க வேண்டிய நேரத்தில்தான் கூடாரம் போட இடம் கேட்டு மணி அடிப்பார்கள். கழிப்பறை கழுவுவது, கணக்கு எழுதுவது, போனில் பதில் சொல்வது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. அந்த உழைப்புக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. மனிதரோடு பேசப் பிடிக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் இது சரிவரும். இல்லையென்றால் நல்ல நிலத்தையும் கெடுத்து, நல்ல மனநிலையையும் கெடுக்கும்.

எனவே இரண்டு பாட்டில் ஒயின் ஒரு தோட்டத்தைக் காப்பாற்றிவிடாது. விலையும் தண்ணீரும்தான் அதைத் தீர்மானிக்கும். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அந்த இரண்டு பாட்டில்காரர் ஒரு பெட்டி அனுப்பச் சொல்லி எழுதுகிறார், சில ஆண்டு தொடர்ந்து வாங்குகிறார் என்றால் கணக்கு மாறுகிறது. பண்ணைக்காரர்கள் இந்தத் தொழிலில் நிற்பது அந்தக் கடிதத்துக்காகத்தான்.

கடல் வரை

பெஸியே நகரத்தில் படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மதகுகளில் படகுகள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஒன்றரை நாளில் தோ என்ற உப்பங்கழிக்கு வந்துவிடலாம். கால்வாய் அங்கே முடிகிறது. தண்ணீருக்குள் வரிசை வரிசையாக மரச்சட்டங்கள், அவற்றில் தொங்கும் கயிறுகளில் சிப்பி வளர்க்கிறார்கள். கயிற்றில் சிப்பிக்குஞ்சை சிமென்ட் வைத்து ஒட்டி, நீரில் இறக்கி, ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து எடுக்கும் வேலை. கரையில் சிப்பி வளர்ப்பவரின் குடிசை முன்னால் நாலு மேசை போட்டிருக்கும். கத்தியால் சிப்பியைத் திறந்து, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால், தண்ணீர் சூடானால் சிப்பி சாகிறது, இந்தக் கோடை எப்படிப் போகுமோ என்று பேச்சு தொடங்கும். விவசாயி எங்கே இருந்தாலும் பேச்சு வானிலையில்தான் தொடங்குகிறது.

சேத் துறைமுகத்தில் ரயில் ஏறினால் துலூஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். உள்ளூர் ரயில்களில் சைக்கிளை மாட்டக் கொக்கி உண்டு. ஏழெட்டு நாளில் மிதித்துக் கடந்த திராட்சைத் தோட்டங்கள் ஜன்னலில் பச்சைக் கோடாக ஓடும். எது உயிரோடு இருக்கும் தோட்டம், எது பிடுங்கிய நிலம் என்று அந்த வேகத்தில் தெரியாது. கையில் இருப்பது வழியில் வாங்கிய இரண்டு பாட்டிலும், அதன் மேல் ஒட்டிய விலாசமும்.